இரு பணிகள், ஓர் இல்லறம்

இல்லறம் என்பது இருவர் கூடி ஏற்கும் ஒரு விரதம். அந்த விரதத்திற்கு வரும் சோதனைகள் காலந்தோறும் உருவம் மாறுகின்றன. ஒரு தலைமுறைக்கு முன்பு வறுமையும் நோயும் கூட்டுக் குடும்பப் பிணக்குகளும் இல்லறத்தைச் சோதித்தன. இன்று அவற்றுடன் வேறொன்றும் சேர்ந்துள்ளது. கணவன், மனைவி இருவரும் பணிக்குச் செல்லும் வீடுகளில், இருவருக்கும் இடமாற்றம் வருகிறது. இருவருக்கும் பதவி உயர்வு வருகிறது. சில வேளைகளில் ஒருவருக்கு வருகிறது, மற்றவருக்கு வருவதில்லை. அப்போது யார் விட்டுக்கொடுப்பது என்ற கேள்வி எழுகிறது. அந்தக் கேள்வியைத் தொடர்ந்து, சத்தமின்றி, யார் பெரியவர் என்ற கேள்வியும் உள்ளே நுழைந்துவிடுகிறது.

வெளியே எத்தனையோ பேருடன் போட்டியிட்டு முன்னேறியவர்கள், வீட்டிற்குள் வந்த பின்பும் அந்தப் போட்டியைக் கழற்றி வைக்க அறியாமல் தவிக்கின்றனர். அலுவலகத்தில் சக ஊழியரின் உயர்வைக் கண்டு பொறாமைப்படாத ஒருவர், தம் வாழ்க்கைத் துணையின் உயர்வைக் கண்டு மனம் சுருங்குவதுண்டு. இது ஏன் நிகழ்கிறது? இதிலிருந்து விடுபடும் வழி என்ன? பாலக்காட்டுச் சமவெளியையும் இடுக்கி மலைகளையும் ஒட்டிய எல்லைப் பகுதிகளின் வாழ்க்கையிலிருந்தும் வரலாற்றிலிருந்தும் இதற்குச் சில தெளிவான பாடங்கள் கிடைக்கின்றன.

தேவையும் தரமும்

பாலக்காடு, இடுக்கி ஆகிய இரண்டும் கேரளத்தின் மாவட்டங்கள். இரண்டும் தமிழகத்தைத் தொட்டு நிற்பவை. எனினும் அவை ஒன்றையொன்று தொடுவதில்லை. இடையில் ஆனைமலைத் தொடர் நிற்கிறது. மூணாற்றிலிருந்து பாலக்காட்டிற்கு வர விரும்புபவர் மறையூர், சின்னாறு வழியாகத் தமிழகத்திற்குள் இறங்கி, உடுமலைப்பேட்டை, பொள்ளாச்சி கடந்து மீண்டும் கேரளத்திற்குள் நுழையலாம். நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணம். அதில் ஒரு பகுதி மலைப்பாதை, காட்டுப்பாதை.

இத்தகைய நிலப்பகுதியில் ஒரு தம்பதியரைக் கற்பனை செய்து பார்க்கலாம். மனைவி மூணாற்றில் தமிழ்வழிப் பள்ளி ஒன்றின் ஆசிரியை. கணவர் பாலக்காட்டை அடுத்த கஞ்சிக்கோட்டுத் தொழிற்பேட்டையில் பணியாற்றுகிறார். குழந்தை பாட்டியுடன் பாலக்காட்டில் வளர்கிறது. மனைவிக்கு மலைப்பகுதியிலேயே தலைமையாசிரியை பதவி கிடைக்கிறது. அதே ஆண்டில் கணவருக்கும் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர் பொறுப்பு வருகிறது. இருவரில் ஒருவர் இடம் பெயர வேண்டும். அல்லது ஒருவர் உயர்வை வேண்டாமென்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

இங்கே உண்மையில் இரண்டு கேள்விகள் உள்ளன. முதலாவது, தேவை பற்றிய கேள்வி: குழந்தையின் படிப்புக்கு எது நல்லது? முதுமையடைந்த பாட்டியை யார் கவனிப்பது? எந்த வாய்ப்பு மீண்டும் வரும், எது வராது? வருமானம் எவ்வளவு தேவை? இவை கடினமான கேள்விகள்தாம். ஆயினும் விடையுள்ள கேள்விகள். காகிதமும் பேனாவும் எடுத்து உட்கார்ந்தால் ஒரு மாலைப் பொழுதில் தெளிவு பிறக்கும்.

இரண்டாவது, தரம் பற்றிய கேள்வி: என் வேலைக்கு மதிப்பு இல்லையா? எப்போதும் நான்தான் இறங்கிவர வேண்டுமா? ஊரார் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? இந்தக் கேள்வியை எவரும் வெளிப்படையாகக் கேட்பதில்லை. அது முதல் கேள்வியின் உடையை அணிந்துகொண்டு வருகிறது. குழந்தையின் படிப்பைப் பற்றிப் பேசுவதுபோல் தொடங்கும் உரையாடல், அரை மணி நேரத்தில் "உன் சம்பளத்தில்தானா இந்த வீடு நடக்கிறது?" என்பதில் வந்து முடிவது இதனால்தான். தேவை பற்றிய பேச்சில் தரம் பற்றிய கேள்வி கலந்துவிட்டால் இரண்டிற்கும் விடை கிடைப்பதில்லை.

மத்திய அரசு, கணவன் மனைவி இருவரும் அரசுப் பணியில் இருந்தால் இயன்றவரை ஒரே ஊரில் பணியமர்த்த வேண்டும் என்று 1986-ஆம் ஆண்டிலேயே வழிகாட்டு ஆணை பிறப்பித்தது. 1997-ஆம் ஆண்டிலும் 2009-ஆம் ஆண்டிலும் அதனை மேலும் வலுப்படுத்தியது. குழந்தைகள் 18 வயதை எட்டும் வரை பெற்றோர் சேர்ந்திருப்பதன் தேவையை 2009-ஆம் ஆண்டின் ஆணை கருத்திற் கொண்டது. குடும்பம் பிரிந்திருந்தால் குழந்தைகள் பாதிக்கப்படுவர் என்பதை அரசும் உணர்ந்திருப்பதற்கு இது சான்று. ஆனால் இருவரில் எவர் இருக்கும் ஊருக்கு எவர் செல்வது என்பதை எந்த ஆணையும் வீட்டிற்குள் வந்து தீர்த்து வைக்காது. அதைத் தம்பதியரே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

ஒப்பீடு வரும் மூன்று வாயில்கள்

தரம் பற்றிய கேள்வி எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராய்ந்தால், மூன்று வாயில்கள் தென்படுகின்றன.

முதல் வாயில், வெளியுலகின் வாய். தம்பதியர் தம்மை ஒப்பிட்டுக் கொள்ளாவிட்டாலும் உலகம் ஒப்பிடுகிறது. கேரள அரசின் தலைமைச் செயலாளராக இருந்த வி. வேணு 2024-ஆம் ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் ஓய்வு பெற்றார். அவருக்குப் பின் அந்தப் பதவியை ஏற்றவர் அவர் மனைவி சாரதா முரளீதரன். இருவரும் 1990-ஆம் ஆண்டுத் தொகுதி இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகள். கணவனும் மனைவியும் தலைமைச் செயலாளர்களாக இருந்தது கேரளத்தில் புதிதன்று, வி. ராமச்சந்திரன், பத்மா ராமச்சந்திரன் தம்பதியரும், பாபு ஜேக்கப், லிசி ஜேக்கப் தம்பதியரும் வெவ்வேறு காலங்களில் அந்தப் பதவியை வகித்துள்ளனர். ஆனால் கணவர் எழுந்த நாற்காலியில் உடனே மனைவி அமர்ந்தது அதுவே முதன்முறை.

சாரதா முரளீதரன் அதற்கு முன்பே நீண்ட பணி வரலாறு உடையவர். 1998-இல் தொடங்கப்பட்ட குடும்பஸ்ரீ என்னும் மகளிர் இயக்கத்தை ஆறாண்டுக் காலம் வழிநடத்தியவர். எனினும் தலைமைச் செயலாளரான சில மாதங்களில் அவர் காதில் விழுந்தது கணவருடன் ஒப்பிடும் பேச்சே. கணவரின் பதவிக்காலம் எவ்வளவு வெண்மையோ, மனைவியின் பதவிக்காலம் அவ்வளவு கருமை என்று ஒருவர் கூறியதை அவர் 2025-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக எழுதினார். முதலில் எழுதியதை நீக்கிவிட்டு, இது பேசப்பட வேண்டிய செய்தி என்று கருதி மீண்டும் வெளியிட்டார். நிறத்தைப் பற்றியும் பெண்மையைப் பற்றியும் சமூகம் கொண்டுள்ள எண்ணத்தின்மீது அவர் கேள்வி எழுப்பினார். கேரளம் முழுவதும் அது விவாதிக்கப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்க பாடம் ஒன்று உண்டு. வெளியிலிருந்து வந்த ஒப்பீட்டை அவர் வெளியுலகின் பிழையாகவே அடையாளம் கண்டார். அதன் விடையையும் வெளியுலகிடமே கேட்டார். பல வீடுகளில் நிகழ்வது இதற்கு நேர்மாறு. உறவினர் திருமண வீட்டில் ஒருவர் விளையாட்டாகக் கூறிய சொல், இரவு வீடு திரும்பியதும் தம்பதியரிடையே சண்டையாகிறது. கூறியவர் உணவருந்திவிட்டு உறங்கச் சென்றுவிடுகிறார். இருவர் மட்டும் உறங்காமல் கிடக்கின்றனர். ஒப்பீடு கதவைத் தட்டுவதை எவராலும் தடுக்க முடியாது. கதவைத் திறப்பதும் திறவாதிருப்பதும் உள்ளே இருப்பவர்களின் விருப்பம்.

இரண்டாவது வாயில், வழக்கமும் விதியும். வீட்டுப் பொறுப்பு பெண்ணுடையது, ஆகவே அவள் பணி இரண்டாம்தரம் என்ற எண்ணம் ஒரு காலத்தில் சட்ட விதியாகவே எழுதப்பட்டிருந்தது. இந்திய வெளியுறவுப் பணியின் 1961-ஆம் ஆண்டு விதிகளின்படி, அப்பணியிலுள்ள பெண் திருமணம் செய்துகொள்ள அரசின் எழுத்து வடிவ அனுமதியைப் பெற வேண்டும். திருமணத்திற்குப் பின் குடும்பப் பொறுப்புகள் அவர் பணிக்கு இடையூறு என்று அரசு கருதினால் பதவி விலகும்படி கேட்கவும் இடமிருந்தது. ஆண் அதிகாரிக்கு அத்தகைய விதி இல்லை. இந்திய வெளியுறவுப் பணியின் முதல் பெண் அதிகாரியான சி. பி. முத்தம்மா, தமக்கு உரிய பதவி உயர்வு மறுக்கப்பட்டதை எதிர்த்து உச்ச நீதிமன்றத்தை அணுகினார். 1979-ஆம் ஆண்டில் அவ்வழக்கில் தீர்ப்பு எழுதியவர் பாலக்காட்டு வைத்தியநாதபுரத்தில் பிறந்த நீதிபதி வி. ஆர். கிருஷ்ணய்யர். குடும்பப் பொறுப்பு பெண்ணின் பணிக்கு இடையூறாகும் எனில் ஆணின் பணிக்கும் அவ்வாறே ஆகலாமே என்று நீதிமன்றம் கேட்டது. அரசும் அவ்விதிகளைக் கைவிட முன்வந்தது.

அந்தக் கேள்வியின் ஆழம் நீதிமன்றத்தோடு முடிவதன்று. சட்டப் புத்தகத்திலிருந்து அந்த விதி நீங்கிவிட்டது. ஆனால் எத்தனையோ இல்லங்களின் எழுதப்படாத புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் விடுப்பு எடுப்பது யார் என்று எவரும் கேட்பதில்லை. விடை முன்பே எழுதப்பட்டுவிட்டது. கேட்கப்படாத கேள்விக்கு ஆண்டுக்கணக்கில் விடையளித்துக் கொண்டிருப்பவர் மனத்தில் கசப்பு சேர்கிறது. அந்தக் கசப்பைத்தான் பிறகு பலரும் போட்டி மனப்பான்மை என்று தவறாகப் பெயரிட்டு அழைக்கின்றனர். எல்லாப் பிணக்கும் பொறாமையால் வருவதன்று. சில பிணக்குகள் நியாயத்தைக் கேட்பவை. இவ்விரண்டையும் பிரித்தறிவது விவேகம்.

மூன்றாவது வாயில், உள்ளே இருக்கும் அகங்காரம். இதை விளக்கப் பெரிய புராணம் கூறும் காரைக்கால் அம்மையாரின் வரலாற்றைவிடத் தெளிவான சான்று இல்லை. புனிதவதியாரின் கணவன் பரமதத்தன் நல்ல வணிகன், தீயவன் அல்லன். தான் அனுப்பிய மாம்பழம் இரண்டில் ஒன்றைச் சிவனடியாருக்கு அளித்துவிட்ட மனைவி, இறையருளால் வேறொரு பழத்தைப் பெற்றுத் தனக்குப் படைத்ததை அறிந்தபோது அவன் அஞ்சினான். மனைவியிடம் தன்னைவிட உயர்ந்ததொரு ஆற்றல் இருப்பதை அவனால் ஏற்றுக்கொண்டு வாழ இயலவில்லை. கடல்வழி வாணிகம் செய்வதாகக் கூறிப் புறப்பட்டான். பாண்டிநாட்டு ஊர் ஒன்றில் வேறொரு பெண்ணை மணந்தான். பிறந்த மகளுக்குப் புனிதவதியின் பெயரையே வைத்தான். உறவினர் அம்மையாரை அழைத்துக்கொண்டு வந்தபோது, மனைவியோடும் மகளோடும் அவர் காலில் விழுந்து வணங்கினான்.

பக்தர்கள் இந்த வரலாற்றை அம்மையாரின் பெருமைக்காகப் போற்றுகின்றனர். பரமதத்தனின் நிலையையும் சற்று எண்ணிப் பார்க்கலாம். மனைவி தனக்குக் கீழே இருந்தபோது அவனுக்கு வாழத் தெரிந்திருந்தது. அவர் தனக்கு மேலே என்று உணர்ந்தபோது காலில் விழவும் தெரிந்தது. அருகில் நிற்க மட்டும் தெரியவில்லை. இன்றும் பல கணவர்களுக்கும், சில மனைவியருக்கும் இதே இடர்ப்பாடு உள்ளது. துணைவரின் திறமையைக் கண்டு ஒதுங்கி விடுகின்றனர். அல்லது ஊரார் முன் அளவுக்கு மீறிப் புகழ்ந்துவிட்டு வீட்டில் பேசாமல் இருக்கின்றனர். ஒதுங்குவதும் புகழ்வதும் எளிது. தோளோடு தோள் நிற்பதற்குத்தான் மனப்பக்குவம் வேண்டும்.

விலகி நிற்பதும் ஒரு பணி

தோளோடு தோள் நிற்பது என்றால் எப்போதும் முன்வரிசையில் சேர்ந்து நிற்பது என்று பொருளில்லை. இதற்கு மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்கள் ஒரு பாடத்தைத் தருகின்றன.

மூணாற்றுத் தோட்டத் தொழிலாளர்களில் மிகப் பலர் தமிழர்கள். தலைமுறைகளுக்கு முன் தமிழகத்திலிருந்து மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள். அங்குக் கணவனும் மனைவியும் ஒரே நிறுவனத்தின் கீழ், ஒரே மலையில் வேலை செய்வது இயல்பு. கொழுந்து பறிப்பது பெரும்பாலும் பெண்களின் வேலை. கவாத்து வெட்டுதல், மருந்து தெளித்தல், ஆலை வேலை ஆகியவை பெரும்பாலும் ஆண்களுடையவை. தொழிற்சங்கத் தலைமை நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது.

பணியாளர்களையே பெரும்பான்மைப் பங்குதாரர்களாகக் கொண்டு 2005-இல் அமைந்தது கண்ணன் தேவன் ஹில்ஸ் பிளான்டேஷன்ஸ் நிறுவனம். 2015-ஆம் ஆண்டு செப்டம்பரில் அங்குப் போனஸ் குறைக்கப்பட்டபோது, பெண் தொழிலாளர்கள் தாமாகவே திரண்டு மூணாற்றுச் சாலையில் அமர்ந்தனர். 'பெம்பிளை ஒருமை' என்று அந்த ஒற்றுமை பெயர் பெற்றது. 20 சதவீதப் போனஸ் அவர்களது முதன்மைக் கோரிக்கை. சங்கத் தலைவர்களை அவர்கள் அண்ட விடவில்லை. தங்கள் வீட்டு ஆண்களையும் விலகி நிற்குமாறு கேட்டுக்கொண்டனர். ஒன்பது நாள் போராட்டத்தின் முடிவில் 8.33 சதவீதப் போனஸும் 11.67 சதவீதக் கருணைத்தொகையும் சேர்த்து 20 சதவீதம் கிடைத்தது. தொடர்ந்து அக்டோபரில் தேயிலைத் தொழிலாளியின் நாட்கூலி 232 ரூபாயிலிருந்து 301 ரூபாயாக உயர்ந்தது. அந்தக் கூலி உயர்வு பெண்களுக்கு மட்டும் கிடைத்ததன்று. விலகி நின்ற ஆண்களுக்கும் கிடைத்தது.

இந்த நிகழ்ச்சியின் அரசியல் பக்கம் ஒருபுறம் இருக்கட்டும். இல்லறத்திற்கு அது கூறுவது இதுதான்: ஒரு பணிக்கு எவர் பொருத்தமானவரோ அவர் முன் நிற்க வேண்டும், மற்றவர் இடம் விட வேண்டும். இடம் விட்டவர் சிறுமையடைவதில்லை. கிடைத்த பலன் இருவர் வீட்டு அடுப்பிலும் ஒன்றாகவே எரிகிறது. இன்று மனைவி முன் நிற்கும் வேளை; நாளை கணவன் முன் நிற்கும் வேளை வரலாம். முன் நிற்பவருக்குத் துணிவு வேண்டும். விலகி நிற்பவருக்கு அதைவிடச் சற்று அதிகமான துணிவு வேண்டும், ஏனெனில் அவருக்குக் கைதட்ட எவரும் இல்லை.

தோட்டத்தில் மற்றொன்றையும் காணலாம். பறித்த கொழுந்து எடை போடப்பட்டுக் கணக்கில் ஏறுகிறது. லயன் வீட்டுக்குத் திரும்பியபின் செய்யும் சமையலும், பிள்ளைகளின் கவனிப்பும் எந்தத் தராசிலும் ஏறுவதில்லை. அலுவலகம் செல்லும் தம்பதியர் வீட்டிலும் இதே நிலைதான். சம்பளத்தை மட்டும் ஒப்பிடும் கணக்கு பாதிக் கணக்கு. பாதிக் கணக்கை வைத்து எடுக்கும் முடிவு முழுக் குடும்பத்திற்கும் நியாயம் செய்யாது.

முடிவெடுக்கும் முறை

குமுளிக்கு அருகே, கேரள தமிழக எல்லை மலையுச்சியில், பெரியாறு புலிகள் காப்பகத்திற்குள் மங்கலதேவி கண்ணகி கோயில் உள்ளது. ஆண்டிற்கு ஒருமுறை, சித்திரா பௌர்ணமியன்று மட்டும் பக்தர்கள் அங்குச் செல்லலாம். கோயில் இருக்கும் இடம் குறித்து இரு மாநிலங்களுக்கும் இடையே நெடுநாள் கருத்து வேறுபாடு உண்டு. ஆயினும் திருநாளுக்கு முன்னதாக இடுக்கி, தேனி மாவட்ட நிர்வாகத்தினர் ஒன்றாக அமர்ந்து பாதை, வாகனம், குடிநீர், மருத்துவம், பாதுகாப்பு ஆகியவற்றைப் பேசி முடிவு செய்கின்றனர். உரிமை யாருடையது என்ற வழக்கு ஒருபுறம் இருந்தாலும், அன்றைய கடமையைச் செய்வதற்கு அது தடையாவதில்லை. இல்லறத்திலும் தரம் பற்றிய வழக்கைத் தள்ளி வைத்துவிட்டுத் தேவை பற்றிய கூட்டத்தை நடத்த முடியும் என்பதற்கு இது நல்ல உவமை.

அந்தக் கோயிலில் வணங்கப்படும் கண்ணகியின் கதையிலும் தொழில் பற்றிய ஒரு முடிவு உண்டு. செல்வத்தையெல்லாம் இழந்து வீடு திரும்பிய கோவலன், தன் வீழ்ச்சியை மறைக்காமல் மனைவியிடம் கூறி நாணுகிறான். கண்ணகி அவனைப் பழிக்கவில்லை. தன் சிலம்பு இருப்பதைச் சொல்கிறாள். அதையே முதலாகக் கொண்டு மதுரையில் வாணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் என்று அவன் முடிவெடுக்க, இருவரும் உடன் புறப்படுகின்றனர். மதுரையில் நேர்ந்த துயரம் வேறு காரணங்களால் வந்தது. அந்த ஓர் இரவில் இருவருக்கிடையே நிகழ்ந்த உரையாடல் மட்டும் இல்லறத்தாருக்குப் பாடமாகும். இழப்பை ஒருவர் மறைக்கவில்லை. இருப்பை மற்றவர் மறைக்கவில்லை. கணக்கு முழுவதும் இருவர் முன்னும் திறந்து வைக்கப்பட்ட பின்பே வழி பிறந்தது. இதே உண்மையைக் கோவலன் சில ஆண்டுகளுக்கு முன்பே பேசியிருந்தால் சிலம்பு ஒன்றே எஞ்சும் நிலை வந்திராது என்பதும் அதில் அடங்கிய பாடம்.

இவற்றைக் கொண்டு, பணி பற்றிய முடிவுகளுக்கு ஓர் ஒழுங்கை அமைத்துக்கொள்ளலாம். மூணாற்று ஆசிரியையும் கஞ்சிக்கோட்டுக் கணவரும் இப்படித் தொடங்கலாம்.

முதலாவதாக, அச்சத்தை அச்சமாகவே சொல்லுதல். "நீ உயர்ந்தால் என்னை மதிக்க மாட்டாயோ என்று எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று ஒருவர் நேராகக் கூறிவிட்டால், பாதிச் சண்டை தொடங்கும் முன்பே முடிந்துவிடுகிறது. கூறப்படாத அச்சமே ஏளனமாகவும் கோபமாகவும் வெளிப்படுகிறது.

இரண்டாவதாக, முழுக் கணக்கு. சம்பளம், கடன், பயணச் செலவு ஆகியவற்றுடன் காலையில் எழுவது முதல் இரவு வரை வீட்டில் நடக்கும் ஒவ்வொரு வேலையையும், அதைச் செய்பவர் பெயரையும் எழுதிப் பார்த்தல். பல வீடுகளில் அந்தத் தாள் ஒன்றே கணவரின் மனத்தை மாற்றப் போதுமானது.

மூன்றாவதாக, மீண்டும் வருவதையும் வராததையும் பிரித்தல். தலைமையாசிரியை பதவியை இன்று துறந்தால் மறுபடி எப்போது வரும்? மேற்பார்வையாளர் பொறுப்பு அடுத்த ஆண்டும் கிடைக்குமா? குழந்தையின் ஐந்தாம் வயது மீண்டும் வருமா? பாட்டியின் உடல்நிலை இன்னும் எத்தனை ஆண்டு இடம் தரும்? எது திரும்பி வராதோ அதற்கு முதலிடம் தருவது பொதுவாக நல்ல முடிவுக்கு அழைத்துச் செல்லும்.

நான்காவதாக, காலவரையறை. ஒருவர் விட்டுக்கொடுத்தால் அது எத்தனை ஆண்டுகளுக்கு என்று வரையறுத்து, அடுத்த வாய்ப்பில் அவருக்கே முதல் உரிமை என்று இருவரும் ஒப்புக்கொள்ளுதல். எல்லையற்ற தியாகம் சொல்லளவில் அழகானது. நடைமுறையில் அது ஒருவர் மீதே விழுந்து, பிறகு அவர் மனத்தை அரிக்கிறது.

ஐந்தாவதாக, முடிவெடுத்த பின் குத்திக்காட்டாமை. விட்டுக்கொடுத்தவர் அதைப் பின்னாளில் ஆயுதமாக்கக் கூடாது; பெற்றவர் அதைத் தம் இயல்பான உரிமையாக எண்ணிவிடக் கூடாது. உறவினர் முன்னிலையில் துணைவரின் பணியை மதிப்புடன் குறிப்பிடுவது இருவருக்கும் பொதுவான நோன்பாக இருக்கட்டும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. விட்டுக்கொடுத்தல், பொறுமை, அர்ப்பணம் ஆகிய உயர்ந்த சொற்களை ஒருவரை மட்டும் பணிய வைப்பதற்குப் பயன்படுத்துவது அதர்மம். மனைவியைப் படிக்கவோ பணிக்குச் செல்லவோ விடாமல் தடுத்து வைப்பதும், சம்பளத்தைப் பறித்துக்கொள்வதும், அவமதிப்பதும், கை நீட்டுவதும் போட்டி மனப்பான்மை என்ற தலைப்பில் அடங்குபவை அல்ல, அவை தீங்குகள். அவற்றைச் சகித்துக்கொள்வது இல்லற தர்மம் என்று எந்த சாஸ்திரத்தின் பெயராலும் அறிவுரை கூறலாகாது. அத்தகைய நிலையில் பெரியவர்களின் துணையையும் சட்டத்தின் துணையையும் நாடுவதே முறை.

சூடாலையின் வழி

எல்லா ஒழுங்கையும் கடைப்பிடித்த பின்பும் ஒருவர் உள்ளத்தில் பொறாமை எஞ்சியிருக்கலாம். அதற்கு யோக வாசிஷ்டம் கூறும் சூடாலையின் கதை அருமருந்து.

சிகித்வஜன் என்னும் அரசனும் அவன் மனைவி சூடாலையும் ஒன்றாகவே ஆன்ம விசாரத்தில் ஈடுபட்டனர். சூடாலை முதலில் ஞானம் அடைந்தாள். அவள் தன் அனுபவத்தைக் கூறியபோது அரசன் நகைத்தான். குழந்தைப் பேச்சு என்று ஒதுக்கினான். பின்னர் அவன் நாட்டைத் துறந்து தவம் செய்யக் காட்டிற்குச் சென்றான். சூடாலை அவனைப் பழிக்கவில்லை. அவனுக்காகத் தன் ஞானத்தை மறைத்துக் குறைத்துக்கொள்ளவும் இல்லை. அரசாட்சியைத் தானே ஏற்று நடத்தினாள். உரிய காலம் வந்தபோது கும்பன் என்னும் அந்தண இளைஞன் வடிவில் சென்று அவனுக்கு உண்மையை உணர்த்தினாள். மனைவியின் வாயால் கேட்க மறுத்ததை அந்நியன் வாயால் அவன் ஏற்றான். தெளிவு பெற்ற பின்பு அவள் தன் வடிவைக் காட்டினாள். இருவரும் திரும்பி வந்து சேர்ந்து ஆண்டனர்.

முன்னேறிய துணைக்கும் பின்தங்கிய துணைக்கும் இக்கதையில் பாடம் உண்டு. முன்னேறியவர் தம் உயர்வை மறைக்கவும் வேண்டாம், காட்டி வருத்தவும் வேண்டாம்; பொறுப்பைச் சுமந்து, காலம் கனியும் வரை காத்திருக்க வேண்டும். பின்தங்கியவர், சொல்பவர் மனைவி அல்லது கணவன் என்ற ஒரே காரணத்தால் ஒரு நல்ல சொல்லை ஒதுக்கி வைத்திருக்கிறோமா என்று தம்மைத் தாமே கேட்டுக்கொள்ள வேண்டும். சிகித்வஜன் இழந்த ஆண்டுகள் அந்த ஒரு கேள்வியைக் கேளாததால் இழந்தவை.

கீதை ஸ்வதர்மம் என்னும் கருத்தை மூன்றாம் அத்தியாயத்திலும் பதினெட்டாம் அத்தியாயத்திலும் இருமுறை வலியுறுத்துகிறது. அவரவருக்கு வாய்த்த கடமை அவரவர் வளர்ச்சிக்குப் போதுமானது. அதை நேர்த்தியாகச் செய்து இறைவனுக்கு அர்ப்பணிப்பதே வழிபாடு. இந்தப் பார்வை வந்துவிட்டால், பணி என்பது தன்னை அளந்து பார்க்கும் கோலாக இராமல் தன்னைக் கொடுக்கும் வாய்ப்பாகிறது. கொடுப்பவர் இருவரிடையே போட்டிக்கு இடமேது? கொழுந்துக் கூடையைச் சுமப்பவரும், கோப்புகளில் கையெழுத்திடுபவரும், குழந்தையின் நெற்றியில் ஈரத்துணி வைத்து விழித்திருப்பவரும் செய்வது ஒரே வழிபாட்டின் வெவ்வேறு பகுதிகள்.

பதவிகள் அனைத்திற்கும் ஓய்வு நாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கிறது. அந்த நாளுக்குப் பின் பெயர்ப்பலகை இறங்கும். வாகனம் திரும்பிச் செல்லும். பெயருக்கு முன் இருந்த அடைமொழி உதிரும். வீட்டுத் திண்ணையில் எஞ்சுபவர்கள் இருவர் மட்டுமே. அவர்களிடையே அன்று மரியாதை இருக்க வேண்டுமெனில் அதற்கான சேமிப்பை இன்றே தொடங்க வேண்டும்.

சிந்தனைக்கு

1. பணி பற்றிய அண்மைய கருத்து வேறுபாட்டில், எவை தேவை பற்றிய கேள்விகள், எவை தரம் பற்றிய கேள்விகள்? கணவனும் மனைவியும் தனித்தனியே எழுதிப் பார்த்துப் பின் ஒப்பிடுக.

2. வீட்டில் விடை முன்பே எழுதப்பட்டுவிட்டதால் ஒருபோதும் கேட்கப்படாத கேள்விகள் எவை?

3. பரமதத்தன், சிகித்வஜன் இருவருக்கும் உள்ள ஒற்றுமை யாது? வேற்றுமை யாது? சிகித்வஜன் திரும்பி வர முடிந்ததும் பரமதத்தன் வர முடியாமற் போனதும் எதனால்?

4. துணைவருக்காக ஒருவர் விட்டுக்கொடுத்த வாய்ப்பு ஒன்றை நினைவுகூர்க. அதற்கு நன்றி கூறப்பட்டதா? கூறப்படவில்லையெனில், இந்த வாரமே கூறுக.